குறியும் குறிக்கோளும்

கோலார் தங்க வயல் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன சில காட்சிகள். பூமியைத் துளைத்துக்கொண்டு பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள். அவற்றின் வாயில் நின்று சுழன்ற இரும்புச் சக்கரங்கள். பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் மலைபோலக் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகள். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க பொருள் வேறொன்றும் உண்டு. அதுதான் துப்பாக்கி. பொன் விளையும் இடத்தில் காவல் வேண்டும். காவல் உள்ள இடத்தில் படைக்கலம் வேண்டும். படைக்கலம் ஏந்தியவர்க்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி தோன்றிய இடத்தில், யார் வல்லவர் என்று அளந்து காணும் போட்டியும் தோன்றும். இந்த வரிசை உலகெங்கும் ஒன்றே. ஆனால் போட்டியில் வைக்கப்படும் குறி எது, அதைச் சுடும் உரிமை யாருக்கு என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு காலமும் வேறு வேறு விடை தந்துள்ளன. அவ்விடைகளின் வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மைய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் தொழில். படைக்கலச் சட்டத்தின் விதிகளைத் தமிழில் ஒப்புநோக்கும் பணி ஒருமுறை என் மேசைக்கு வந்தது. கலைப் பட்டம் பெற்ற எனக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. 'தடைசெய்யப்பட்ட விட்டம்' என்று ஒரு தொடரை எழுதினேன். துப்பாக்கிக் குழலின் உள்வட்ட அளவுக்கு எதற்காகத் தடை என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் பின்பற்றிச் சென்றபோது அது என்னை அமெரிக்காவின் விளையாட்டுத் திடல்களுக்கும், பாண்டிச்சேரியின் தோப்புகளுக்கும், இறுதியில் என் பாட்டனார் சுரங்க வேலை பார்த்த தங்க வயலுக்கும் அழைத்துச் சென்றது.

முதலில் அமெரிக்கத் திடலைக் காண்போம். அங்கே, ஆடைக்குள் மறையும்படி இடுப்பில் அணிந்து செல்லத்தக்க சிறிய கைத்துப்பாக்கியைக் கொண்டே நடத்தப்படும் போட்டிகள் உள்ளன. வழக்கமான குறிபார்த்தல் போட்டியில் வீரர் ஓரிடத்தில் நின்று, மூச்சை அடக்கி, தொலைவில் உள்ள வட்டத்தைச் சுடுவார். இப்போட்டியிலோ அவர் மணியோசை கேட்டதும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டும். தடுப்புச் சுவர்களின் பின்னே ஒதுங்க வேண்டும். இடம் மாறிச் சென்று பல குறிகளைச் சுட வேண்டும். தோட்டா தீர்ந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். குறி தப்பாமையும் விரைவும் ஒருங்கே கணக்கிடப்படும். இதனை நடைமுறைச் சுடுதல் என்று நாம் அழைக்கலாம்.

1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியா மாநிலத்து மலைப்பகுதியில் ஜெஃப் கூப்பர் என்பவரும் அவருடைய நண்பர்களும் நடத்திய பந்தயங்களிலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. கூப்பரே அதன் முதல் தலைவர். திருத்தம், ஆற்றல், விரைவு என்னும் மூன்றையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை அது தன் குறிக்கோள் மொழியாகக் கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் போட்டிக்கென்றே தனியாகச் செய்த, கனமும் நீளமும் மிகுந்த துப்பாக்கிகள் திடலை நிரப்பின. மனிதன் உண்மையில் இடுப்பில் அணியும் கருவிக்கும் போட்டியில் வெல்லும் கருவிக்கும் தொடர்பு அற்றுப்போயிற்று என்று சிலர் குறைகூறினர். அவர்கள் 1996-ஆம் ஆண்டில் தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கெனத் தனியே ஒரு பன்னாட்டுச் சங்கம் கண்டனர். அச்சங்கம் பின்னர்ச் சிறிய துப்பாக்கிக்கெனத் தனிப் பிரிவும் வகுத்தது. குழலின் நீளம் 4⅜ அங்குலத்துக்கு மேற்படலாகாது. தோட்டாக் கூட்டில் 8 தோட்டாக்களுக்கு மேல் நிரப்பலாகாது. துப்பாக்கி முழுவதும் குறிப்பிட்ட அளவுள்ள ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

சிறியதற்குத் தனிப் பிரிவு எதற்கு? துப்பாக்கி சிறுத்தால் மறைப்பது எளிது, சுடுவது கடினம். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே உள்ள தூரம் குறைவதால் கையின் சிறு நடுக்கமும் குறியில் பெரும் பிழையாகும். எடை குறைவதால் சுட்டவுடன் கருவி கையில் துள்ளும். பிடி குட்டையாவதால் சுண்டுவிரலுக்கு இடம் இராது. தோட்டாக்களும் சில. ஆகவே பெரிய துப்பாக்கியோடு சிறியதைப் போட்டியிட வைத்தல் முறையன்று. இதில் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. உயிர்காக்கும் துணை என்று ஒருவர் நம்பி வாங்கும் சிறு கருவியே, பயிற்சி இல்லாதவர் கையில் மிக எளிதாகக் குறி தவறும் கருவியாகும். நடைமுறைப் போட்டி இந்த உண்மையைப் பலர் அறியத் திடலில் வைத்துக் காட்டுகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இடுப்பில் மறையும் தானியங்கிக் கைத்துப்பாக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் உருவான பொருள். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வகுத்த அமைப்பைக் கொண்டு பெல்ஜியம் நாட்டின் எர்ஸ்டால் நகரத் தொழிற்சாலை அதைச் செய்து உலகெங்கும் விற்றது. அதற்கென அவர் அமைத்த தோட்டா .32 அங்குல விட்டமுடையது. இந்த எண்ணை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அது மீண்டும் வரும்.

பிரவுனிங் துப்பாக்கி தமிழகத்தின் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும், பின்னர்த் தன்னையே சுட்டுக்கொண்டதும் யாவரும் அறிந்த செய்தி. அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் பாண்டிச்சேரியில் வ. வே. சு. ஐயர் இளைஞர்க்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்பதும் வரலாறு. ஒரு நாட்டில் குறிபார்க்கப் பழக விரும்பிய இளைஞன் எல்லை கடந்து வேறோர் அரசின் மண்ணுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஏன்?

அதற்கு விடை 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது இயற்றப்பட்ட இச்சட்டத்தின்படி இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஆனால் அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் விலக்களித்தன. 1887-ஆம் ஆண்டில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்னும் தீர்மானம் நிறைவேறியது. தன்னார்வப் படைகளில் இந்தியரையும் சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அக்காலத்துக் காங்கிரசில் மீண்டும் மீண்டும் எழுந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னரே விதிகளில் இருந்த இன வேறுபாடு பெயரளவிலேனும் நீங்கியது. 1931-ஆம் ஆண்டு கராச்சி மாநாடு அடிப்படை உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, ஒழுங்குமுறைக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது.

இச்சட்டத்தின் நிழல் தங்க வயலில் எப்படி விழுந்தது என்பதைக் காண்போம். 1870-களில் லாவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் நிர்வாகத்தை ஏற்றனர். மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுருக்கம் என்று சுரங்கங்கள் பெருகின. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கடந்து இங்கு வந்தது. மேட்டில் ஐரோப்பியர் மாளிகைகள், மன்றங்கள், தோட்டங்கள். பள்ளத்தில் தொழிலாளர்க்குத் தட்டியும் தகரமும் வேய்ந்த குடிசை வரிசைகள். நடுவே பொன்.

பொன் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் தனிக் காவலும் அமைந்தன. சுரங்கக் காவலுக்குப் பஞ்சாப் முதலிய வடபுலங்களிலிருந்து ஆள் கொண்டுவந்தனர். காவலனும் தொழிலாளியும் ஒரே மொழி பேசலாகாது என்பது நிர்வாகத்தின் எண்ணம் போலும். காவலுக்கும் மேலே, ஐரோப்பியர் தாமே துப்பாக்கி ஏந்திய படை ஒன்றும் இருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவெங்கும் ஐரோப்பியத் தன்னார்வப் படைகள் பெருகின. இரயில்வே, துறைமுகம், தோட்டம், சுரங்கம் என ஆங்கில முதல் முடங்கிய இடங்களிலெல்லாம் அவை தோன்றின. தங்க வயலிலும் சுரங்க அலுவலர்கள் அடங்கிய அத்தகைய படை எழுந்தது. 1917-ஆம் ஆண்டில் இப்படைகள் இந்தியப் பாதுகாப்புப் படையாகவும், 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணைப்படையாகவும் மாற்றி அமைக்கப்பட்டன. அத்துணைப்படையில் கோலார் தங்க வயல் பட்டாலியன் ஒரு பிரிவு. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே அதில் சேரலாம். சுரங்கத்தில் பத்தாயிரக்கணக்கில் உழைத்த தமிழருக்கு அதில் இடமில்லை.

தன்னார்வப் படையினரின் தகுதி அணிவகுப்பாலும் குறிபார்த்துச் சுடுவதாலும் அளக்கப்பட்டது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட சுடுதல் தேர்வில் தேறியவரே தகுதியுடையவராவார். அத்தகையோரின் எண்ணிக்கைக்கு ஏற்பவே படைக்கு அரசின் மானியம் கிடைக்கும். ஆகவே குறிபார்த்தல் அவர்களுக்குக் கடமை, விளையாட்டு, வருவாய் ஆகிய மூன்றுமாய் இருந்தது. துணைப்படையின் நோக்கத்தை ஆள்வோர் மறைக்கவில்லை. அது கடல் கடந்து போரிடும் படையன்று. உள்ளூரில் அமைதி குலைந்தால் எழுந்து நிற்கும் படை. ஒரு சிறுபான்மையினர் தம்மைச் சூழ்ந்த பெரும்பான்மையினரிடம் கொண்ட அச்சமே அதன் தோற்றுவாய். இவ்வாறு நோக்கினால், நடைமுறைச் சுடுதல் என்னும் பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, அதன் ஒரு வகை தங்க வயலில் நிலைபெற்றிருந்தது எனலாம். கருவி நீண்ட துப்பாக்கி. குறி ஒரு பலகை. ஆனால் அப்பலகை யாருக்குப் பதிலாக நடப்பட்டது என்பதைக் குடிசை வரிசைகளில் இருந்தவர் அறிந்திருப்பர்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிலாளர் அனைவரும் பதிவு செய்துகொண்டு கைரேகை வைக்க வேண்டும் என்ற புதிய ஏற்பாட்டை எதிர்த்துச் சுரங்கங்கள் முழுவதும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஏறத்தாழ 18,000 பேர் கீழே இறங்க மறுத்தனர். குற்றவாளிகளிடம் மட்டுமே வாங்கும் கைரேகையைத் தம்மிடம் கேட்பது இழிவு என்று அவர்கள் கருதினர். 1946-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் நிகழ்ந்தது அதனினும் கொடிது. தொழிற்சங்கப் போராட்டத்தின்போது காவல் படையினர் சுட்டதில் ஆறு தொழிலாளர் உயிர்நீத்தனர். அந்நாளைத் தங்க வயல் தொழிலாளர் தியாகிகள் நாளாக இன்றும் நினைவுகூர்கின்றனர்.

தங்க வயலில் பிறந்தவர்க்கு வெடியோசை புதிதன்று. நாள்தோறும் பூமிக்கு அடியில் வெடி வைப்பர். சில வேளைகளில் பாறை தானே வெடித்து வீட்டுச் சுவர்களைக் குலுக்கும். ஏனங்கள் உறியிலிருந்து உருளும். எங்கள் பாட்டி சொல்வதுண்டு: "சத்தம் கீழேயிருந்து வந்தால் வயிற்றுப்பாடு, மேலேயிருந்து வந்தால் வயிற்றெரிச்சல்." 1946-ஆம் ஆண்டு அவர் கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண். அன்று கேட்ட ஓசை மேலேயிருந்து வந்தது என்று மட்டும் கூறுவார். அதற்குமேல் பேச மாட்டார். சட்ட விதிகளில் 'விட்டம்' என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் அந்த மௌனம் என் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

1947-ஆம் ஆண்டில் விடுதலை வந்தது. ஐரோப்பியர் துணைப்படை கலைந்தது. சுரங்கங்களை 1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962-ஆம் ஆண்டில் மைய அரசும் ஏற்றன. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அது மூடப்பட்டது. 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன்னைத் தந்த நிலம் ஓய்ந்தது. துப்பாக்கியின் கதை மட்டும் வேறு திசையில் தொடர்ந்தது.

1951-ஆம் ஆண்டில் இந்தியத் தேசியத் துப்பாக்கிக் கழகம் நிறுவப்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவ்லங்கரே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மக்களாட்சி மன்றத்தின் அவைத் தலைவர் குறிபார்க்கும் கழகத்திற்கும் தலைவரானது தற்செயலன்று என்று கருதுகின்றேன். ஓர் இனத்தாரின் தனியுரிமையாக இருந்த கலையைக் குடிமக்கள் அனைவர்க்கும் பொதுவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் தெரிகின்றது. 1959-ஆம் ஆண்டில் புதிய படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டு, 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாடு ஒழிந்தது. ஆனால் ஒரு பழைய வேலி நிலைத்தது. அதுதான் விட்டத்தின் வேலி.

படையினரும் காவலரும் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கி பொதுமக்களிடம் இருத்தலாகாது என்பதே அதன் கருத்து. படைச்சாலையிலிருந்து களவு போகும் தோட்டா வெளியே பயன்படாமல் போக வேண்டும் அன்றோ? பிரிட்டிஷார் காலத்திலேயே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இக்காரணம் பற்றிச் சில விட்டங்களுக்குத் தடை வந்தது. விடுதலைக்குப் பின் வந்த விதிகளும் இதைக் கைவிடவில்லை. 9 மில்லிமீட்டர், .380, .455 முதலிய படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் தடைப்பட்ட வகையில் வைக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் தற்காப்புக்கென உரிமம் பெறும் இந்தியக் குடிமகனுக்கு வழக்கத்தில் வாய்த்தது எது? நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன அந்த .32 அங்குல விட்டமே.

இனி ஒரு சிறு கணக்கு. நடைமுறைப் போட்டிகளில் தோட்டாவின் ஆற்றலுக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. குண்டின் எடையை கிரெயின் அளவிலும், அது பாயும் விரைவை நொடிக்கு இத்தனை அடி என்றும் கொண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பர். விடை 125-க்குக் குறைதல் கூடாது என்பது பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதி. மேலே கூறிய சிறு துப்பாக்கிப் பிரிவிலும் அதே எண்தான். 9 மில்லிமீட்டர்த் தோட்டா அவ்வரம்பை எளிதில் தாண்டும். .32 தானியங்கித் தோட்டாவோ 71 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 900 அடி விரைவில் செலுத்தும். பெருக்கி வகுத்தால் வருவது 64. அஃதாவது, தேவையான அளவில் பாதியைச் சற்றே கடக்கும். அமெரிக்காவில் எவரும் கொண்டுவரும் தோட்டா இங்கே தடைப்பட்டது. இங்கே இசைவு பெற்ற தோட்டா அங்கே தகுதியற்றது. அவ்விளையாட்டு நம் பொதுமக்களிடையே பரவாமைக்கு விருப்பமின்மையோ திறமையின்மையோ காரணமன்று. வரலாறு எழுப்பிய வேலியே தலையாய காரணம்.

திறமைக்குக் குறைவில்லை என்பதற்குச் சான்றுகள் பல. மைய வெடிப்புக் கைத்துப்பாக்கிப் போட்டி என்று ஒன்று உண்டு. 25 மீட்டர்த் தொலைவில் 60 முறை சுட வேண்டும். அவற்றுள் பாதி, குறி மூன்று நொடி மட்டுமே முகம் காட்டி ஏழு நொடி மறையும் முறையில் அமையும். அதற்கு .32 விட்டமே பெரிதும் பயன்படுகின்றது. அப்போட்டியில் ஜஸ்பால் ராணா 1994-ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்றார். 2006-ஆம் ஆண்டு தோஹாவில் மீண்டும் வென்றபோது 590 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். ஐந்து குறிகளை நான்கே நொடியில் சுடும் கட்டமும் அடங்கிய விரைவுச் சுடுதலில், 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நம் படைவீரர் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024-ஆம் ஆண்டு பாரிஸில் மனு பாக்கர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றதை நாடே கொண்டாடியது.

ஒலிம்பிக் விரைவுச் சுடுதலில் 1980-களின் இறுதி வரை குறிப்பலகை மனித உருவின் நிழல்வடிவமாக இருந்தது; அதன்பின் அது வட்டமாயிற்று. நடைமுறைச் சுடுதலிலும் மனிதத் தலைபோன்ற பகுதி இல்லாத பலகை ஒன்றைப் பின்னர் வகுத்து, பல நாடுகளில் அதையே பயன்படுத்துகின்றனர். குறியின் வடிவத்தை மாற்றும்போது விளையாட்டின் பொருளும் மாறுகின்றது என்பதை உலகம் உணர்ந்துள்ளது. நம் நாட்டில் அம்மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. இடுப்பில் அணியும் துப்பாக்கியையும் திடலில் சுடும் துப்பாக்கியையும் சட்டமும் வழக்கமும் பிரித்தே வைத்தன. முன்னது அச்சத்தின் பொருள். பின்னது கலையின் பொருள்.

இப்பிரிவினையால் நன்மை உண்டு என்றே நான் எண்ணுகின்றேன். ஆனால் விலையும் உண்டு. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகரில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், மகளிர் தற்காப்புக்கென 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 500 கிராம், விட்டம்.32. கைப்பைக்குள் அடங்கும் பொருள்தான். ஆனால் சிறுத்த துப்பாக்கி சுடுவதற்குக் கடினமானது என்பதை முன்னர்க் கண்டோம். அதை வாங்கியவர் அச்சமும் இருளும் சூழ்ந்த வேளையில் அதனைச் சரிவர ஆள்வாரா என்று அளந்து காட்டும் திடல் எங்கே? 2016-ஆம் ஆண்டு விதிகள் உரிமம் வேண்டுவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது நல்ல தொடக்கம். எனினும் ஒருமுறை பெறும் பயிற்சிச் சான்று வேறு; ஆண்டுதோறும் பிறர் முன்னிலையில் தன் குறையைத் தானே காணும் போட்டி வேறு. உறையில் உறங்கும் துப்பாக்கி தன் உடையவருக்குத் துணிவைத் தரலாம், திறமையைத் தராது.

ஆகவே அந்த அயல்நாட்டு விளையாட்டிலிருந்து நாம் கற்கத்தக்கது ஏதும் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். நாம் கற்க வேண்டியது விரைவையன்று. தோட்டாவின் ஆற்றலையும் அன்று. அங்கே திடலில் சுட வேண்டிய குறிகளுக்கு இடையிலும் அருகிலும் வேறு சில பலகைகளை நட்டு வைப்பர். அவை வழிப்போக்கரை, குற்றமற்றவரைக் குறிக்கும். அவற்றைச் சுடலாகாது. ஒரு குண்டு அதில் பட்டாலும், பன்னாட்டுக் கூட்டமைப்பின் முறையில் 10 புள்ளி கழியும். தற்காப்புச் சங்கத்தின் முறையில் 5 நொடி தண்டமாகக் கூடும். குழலைத் திடலின் எல்லைக்கு வெளியே திருப்பியவர் எவ்வளவு வல்லவராயினும் அப்பொழுதே போட்டியிலிருந்து நீக்கப்படுவார். எல்லாக் குறிகளையும் வீழ்த்திய வீரர் ஒருவர், சுடலாகாத ஒரு பலகையைத் தொட்டமையால் தோற்றுப்போவது அங்கே இயல்பான நிகழ்ச்சி.

இவ்விதியைப் படித்தபோதுதான் எனக்குத் தங்க வயலின் பழைய கதை தெளிவாயிற்று. அக்காலத்துச் சுடுதல் தேர்வில் எத்தனை குண்டு குறியில் பட்டது என்று எண்ணினர். அவ்வெண்ணிக்கைக்கு மானியம் தந்தனர். சுடலாகாத பலகை ஒன்றை அவ்வாட்சி என்றும் நடவில்லை. 1946-ஆம் ஆண்டு நவம்பரில் வீழ்ந்த அறுவர்க்காக எவர் கணக்கிலும் புள்ளி கழியவில்லை. படைக்கலப் பயிற்சியில் ஓர் அரசோ ஒரு தனி மனிதரோ முதலில் கற்க வேண்டிய பாடம் எங்கே சுடுவது என்பதன்று, எங்கே சுடலாகாது என்பதே. அப்பாடத்தைக் கற்பிக்கும் எந்தப் போட்டியும் நல்ல போட்டியே. அதைக் கற்பிக்காத எந்தத் திறமையும் அரைத் திறமையே.

இன்று தங்க வயலில் சக்கரங்கள் சுழலவில்லை. பூமிக்கு அடியில் வெடி வைப்பாரும் இல்லை. சயனைடு மேடுகளின்மேல் காற்று மட்டும் வீசுகின்றது. ஆண்டுதோறும் நவம்பர் 4-ஆம் நாள் அங்கே கூடும் முதியவரும் இளைஞரும் அறுவரை நினைந்து மலர் தூவுகின்றனர். குறி தவறாமல் சுட்டவரை எவரும் அங்கு நினைப்பதில்லை. சுடலாகாத இடத்தில் வீழ்ந்தவரையே ஊர் நினைவில் வைத்திருக்கின்றது.